ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு

சேரியில் பிறந்து வளர்ந்த யாரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது: ‘ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு.’ காவல் நிலையத்தில் சொல்வார்கள். சமாதானக் கூட்டத்தில் சொல்வார்கள். மறுநாள் செய்தித்தாளில் அதே வாக்கியம் வேட்டி சட்டை போட்டுக்கொண்டு ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்று வரும். எரிந்த குடிசை ஒரு பக்கம்தான். உடைந்த மண்டையும் ஒரு பக்கம்தான். ஆனால் தரப்பு மட்டும் எப்போதும் இரண்டு.

இதைச் சாதிவெறியன் சொன்னால் பிரச்சினை இல்லை, பதில் நம்மிடம் இருக்கிறது. நல்லவர்கள் சொல்லும்போதுதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நமக்காக வருத்தப்படுகிறவர்கள், நம்மை வெறுக்காதவர்கள், இரண்டு பேரும் நல்லா இருக்கணும் என்று உண்மையாகவே நினைக்கிறவர்கள் சொல்லும்போது என்ன செய்வது? நடுநிலை என்பது ஓர் அறமா, இல்லை, சிலருக்கு மட்டும் கிடைக்கிற ஒரு நாற்காலியா?

இந்தக் கேள்வியை நமக்குப் பழக்கமில்லாத ஒரு பிரதியை வைத்துப் பேசலாம் என்று தோன்றுகிறது. அது ஓர் அமெரிக்க விஞ்ஞானப் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் ஒரு பாகம். தொடரின் பெயர் ஸ்டார் ட்ரெக். 1966 செப்டம்பர் 8இல் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. இருபத்து மூன்றாம் நூற்றாண்டில் எண்டர்பிரைஸ் என்கிற விண்கப்பல் நட்சத்திரம் நட்சத்திரமாகப் போகிறது. கப்பலை நடத்துகிறவர்களில் உஹுரா என்ற கறுப்பினப் பெண் இருக்கிறாள். ஜப்பானிய வம்சாவளி சூலு இருக்கிறான். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்தில் செக்காவ் என்ற ருஷ்யனும் அதே கப்பலில். அன்றைய அமெரிக்காவில் இது சின்னக் காரியம் இல்லை. உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கோல்ஸ் தொடரைவிட்டுப் போக நினைத்தபோது, போகாதே என்று தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங். அந்த அம்மாவே பின்னாளில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது பருவத்தில் தொடர் சரிந்தது. பணம் குறைக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத் தள்ளப்பட்டது. 79 பாகங்களில் 70ஆவதாக 1969 ஜனவரி 10இல் வந்ததுதான் நான் சொல்லப்போகும் பாகம். தமிழில் சொன்னால் ‘அதுவே உன் கடைசிப் போர்க்களம் ஆகட்டும்’ என்பது போன்ற தலைப்பு. இனவெறியைப் பற்றித் தொலைக்காட்சி சொன்ன பெரிய கதை என்று இன்றைக்கும் இதை மெச்சுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கதை இதுதான். திருடப்பட்ட ஒரு சிறு விண்படகை எண்டர்பிரைஸ் பிடிக்கிறது. உள்ளே காயத்தோடு லோகாய் என்ற அந்நியக் கிரகத்தான். அவன் முகம் நடுவில் கோடு போட்டாற்போலப் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. அவனைத் துரத்திக்கொண்டு பீல் என்ற அதிகாரி வருகிறான். அவன் முகமும் அப்படியேதான். இருவரும் செரான் என்ற கிரகத்தைச் சேர்ந்தவர்கள். துரத்தல் தொடங்கி ஐம்பதாயிரம் வருஷமாகிறது. லோகாய் சொல்கிறான்: எங்களை அடிமையாக வைத்திருந்தார்கள், வீட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு போனார்கள், அவர்கள் சண்டையில் எங்களைச் சாகவிட்டார்கள். பீல் சொல்கிறான்: அவர்களை நாங்கள் அன்போடு வளர்த்தோம், படிக்கவைத்தோம், இவன் நன்றி கெட்டவன், கலகக்காரன், கொலைகாரன். கேப்டன் கிர்க்குக்கும் அவனுடைய அறிவாளி நண்பன் ஸ்பாக்குக்கும் இரண்டு பேருக்குள் வித்தியாசமே தெரியவில்லை. பீல் எரிச்சலோடு விளக்குகிறான்: எனக்கு வலது பக்கம் கறுப்பு, அவனுக்கு வலது பக்கம் வெள்ளை, இதுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லையா?

கடைசியில் கப்பல் செரானுக்குப் போகிறது. அங்கே உயிரோடு யாரும் இல்லை. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று அழித்து முடித்துவிட்டன. எரியும் நகரங்களின் பழைய படக்காட்சிகள் திரையில் மேலே மேலே வர, இரண்டு பேரும் கப்பலின் நடைபாதைகளில் ஓடுகிறார்கள். பிறகு செத்த கிரகத்தில் இறங்கி அங்கேயும் துரத்துகிறார்கள். மேலே கப்பலில் இருப்பவர்கள் வருத்தத்தோடு பேசிக்கொள்கிறார்கள். அவர்களிடம் மிஞ்சியது வெறுப்பு ஒன்றுதான் என்கிற மாதிரி கேப்டன் சொல்ல, படம் முடிகிறது.

இதை ஏற்காட்டில் ஒண்டிக்கடைக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தேன். எல்லாம் காப்பித் தோட்டத்து லைன் வீட்டுப் பிள்ளைகள். கல்லூரியில் படிக்கிறவர்கள், படிப்பை விட்டவர்கள், கடையில் நிற்பவர்கள். லேப்டாப்பில் ஓடவிட்டு, ஆங்கிலத்தை நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் சுற்றுலாக்காரர்களுக்கு ஒண்டிக்கடை ஏரிக்குப் போகிற வழி. இந்தப் பிள்ளைகளுக்கு அது அரிசி பருப்பு வாங்கும் இடம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்று சுற்றுலாப் புத்தகங்கள் எழுதும். சமவெளிச் சேரிகளிலிருந்து மலையேறிச் செடி நட்டவர்கள் பெயர் அதில் இருக்காது.

பீல் ‘அன்போடு வளர்த்தோம்’ என்று சொன்ன இடத்தில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். “அக்கா, இது எங்க பாட்டிக்குச் சொன்ன டயலாக்குக்கா. வீடு குடுத்தோம், கம்பளி குடுத்தோம், உங்களுக்கு இன்னும் என்ன வேணும்னு.” அவள் சொன்னது எனக்கு உறைத்தது. 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு தருவதை முதலாளியின் கடமை ஆக்கியது. சட்டம் கடமை என்று சொன்னதை முதலாளி அன்பு என்று சொல்வார். வாங்கினவர் நன்றியோடு இருக்கணும். நன்றி இல்லையென்றால் அவர் லோகாய்.

அந்த இடம் வரைக்கும் படம் நம் பக்கம்தான் இருந்தது. அடிமைப்படுத்தியவன் பேசுகிற பேச்சை எழுத்தாளர்கள் சரியாகவே பிடித்திருந்தார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறவனுக்கு விளங்காத மாதிரி முகத்தைப் பிரித்தது உண்மையிலேயே நல்ல கற்பனை. அமெரிக்காக்காரர்கள் தங்கள் நிறவெறிக்கு எழுதினார்கள், அது நம் சாதிக்கு இன்னும் பொருத்தமாக வந்து உட்கார்ந்துவிட்டது. பஞ்சாப் பார்ப்பனரும் பஞ்சாப் சமாரும் ஒரே இனம்தான், சென்னை மாகாணத்துப் பார்ப்பனரும் பறையரும் ஒரே இனம்தான், சாதி என்பது ரத்தத்தைப் பிரித்து வைத்த ஏற்பாடு இல்லை என்று அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் வாதிட்டார். வெளியிலிருந்து வருகிறவனுக்கு நம் ஊரில் யார் எந்தச் சாதி என்று முகத்தை வைத்துத் தெரியாது. பீலுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனால் இங்கேதான் படம் தடம் மாறுகிறது. வித்தியாசம் தெரியவில்லை என்பதிலிருந்து, அப்படியானால் சண்டைக்குக் காரணமே இல்லை என்ற முடிவுக்குக் கேப்டன் தாவிவிடுகிறான். பிரித்ததற்குச் சொன்ன காரணம் பொய் என்பதால் பிரித்ததால் வந்த வலி பொய்யாகிவிடுமா? ‘நாங்கல்லாம் சாதி பாக்குறதில்லீங்க’ என்று சொல்கிறவர்களை நமக்குத் தெரியும். அவர்கள் நிஜமாகவே பார்ப்பதில்லை. சுடுகாட்டுக்குப் பிணம் எந்த வழியாகப் போகிறது என்று அவர்கள் பார்த்ததே இல்லை. சாதி செங்கல் சுவர் அல்ல, மனதில் இருக்கும் எண்ணம் என்று சொன்னவரும் அதே அம்பேத்கர்தான். அதைச் சொல்லிவிட்டு, ஆகவே இரண்டு பேரும் மறந்துவிடுங்கள் என்று அவர் முடிக்கவில்லை. அந்த எண்ணத்துக்குப் புனிதம் கொடுக்கிற சாஸ்திரத்தின் அதிகாரத்தை உடைக்கச் சொன்னார். அப்படிச் சொன்னதால்தான் அவரைத் தலைமையுரைக்கு அழைத்த லாகூர் சாதி ஒழிப்புச் சங்கத்து நல்லவர்கள் சிலதை வெட்டச் சொன்னார்கள், அவர் ஒரு வரியையும் மாற்ற மறுத்தார், மாநாடே நின்றுபோனது. உரையை அவர் தன் காசில் அச்சிட்டார்.

இனி அந்தக் கேப்டன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று பார்ப்போம். பீல் தன் மன வலிமையால் கப்பலையே கைப்பற்றுகிறான். கப்பலை வெடித்துச் சிதறவைப்பேன் என்று கேப்டன் மிரட்டிய பிறகுதான் விடுகிறான். நூற்றுக்கணக்கான உயிர்கள் இருக்கிற கப்பலைக் கடத்தியவன் அதற்குப் பிறகு சுதந்திரமாக நடமாடுகிறான். கேப்டனோடும் ஸ்பாக்கோடும் சமமாக உட்கார்ந்து பேசுகிறான். வலது பக்கம் இடது பக்கம் விளக்கம் அங்கேதான் நடக்கிறது. லோகாய் எங்கே? சின்ன உத்தியோகக்காரர்கள் இளைப்பாறுகிற அறையில் நின்று தன் ஜனங்கள் பட்டதைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் புகலிடம் கேட்டான். கிடைத்தது படகு திருடிய வழக்கு. தப்பித்து ஓட எடுத்த படகு!

அந்த அறையில் ஒரு பையன் கேட்டான்: “ஏங்க்கா, கப்பலைப் புடிச்சவனுக்குக் கேஸ் இல்ல, படகு எடுத்தவனுக்குக் கேஸா?” நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பீல் கேட்டவுடன் லோகாயைக் கேப்டன் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. விசாரணை இல்லாமல் கொடுக்க முடியாது என்று நின்றான். அது சட்டத்தின் நல்ல பக்கம். ஆனால் சட்டம் நடுவில் நிற்கிறபோதே அதன் கால் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பையன் ஒரே கேள்வியில் காட்டிவிட்டான். வன்கொடுமை வழக்கு எழுதப்போன அன்றைக்கே அடிபட்டவர் மேல் ஓர் எதிர் வழக்கும் எழுதப்படுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தெருவில் வண்டி ஓட்டிப் போனதற்காக அடிபட்ட பையன். கையில் கட்டு. அவன் மேல் ஆபாசமாகத் திட்டியதாக வழக்கு. பிறகு இரண்டு வழக்கையும் எதிரெதிரே வைத்து ‘ராஜியாப் போயிடுங்க’ என்பார்கள். நடுநிலை அப்படித்தான் உற்பத்தி ஆகிறது. முதலில் இரண்டு பக்கத்தைத் தயார் செய்ய வேண்டும், அப்புறம்தான் நடுவில் நிற்க முடியும்.

கிங் 1963இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், நிறவெறி அமைப்புக்காரனைவிட மிதவாத வெள்ளைக்காரன்தான் தனக்குப் பெரிய ஏமாற்றம் என்கிற பொருளில் எழுதினார். நீதியைவிட ஒழுங்கு முக்கியம் என்று நினைக்கிறவன் அவன். கடிதம் வந்து ஆறு வருஷம் கழித்து, கிங் சுட்டுக் கொல்லப்பட்டு ஒன்பது மாதம் கழித்து, அந்த மிதவாதியையே கதாநாயகனாக வைத்து இந்தப் பாகம் வந்தது.

இதற்குப் பதினாறு நாள் முன்பு, 1968 டிசம்பர் 25 ராத்திரி, அன்றைய தஞ்சை மாவட்டம் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் வயசானவர்களுமே அதிகம். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் தேதிகள் பக்கத்தில் இருப்பதால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அன்றைக்கு வெண்மணி வானத்தில் எண்டர்பிரைஸ் நின்றிருந்தால் கேப்டன் என்ன சொல்லியிருப்பான்? கீழே இரண்டு சங்கம் இருந்தது. ஒன்று கூலி நெல் கூடக் கேட்ட செங்கொடிச் சங்கம், இன்னொன்று மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கம். அன்றைக்கு மிராசுதார் தரப்பிலும் ஒருவர் இறந்திருந்தார். ஆக, ரெண்டு பக்கமும் சாவு. எண்ணிக்கையில் இது உண்மை. எடை போட்டால்? கேட்டது கொஞ்சம் நெல், கிடைத்தது தீ. பிறகு உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. இவ்வளவு நிலபுலன் உள்ள பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பக் கஷ்டமாக இருக்கிறது என்ற ரீதியில் தீர்ப்பு போனது. கேப்டனோடு உட்கார்ந்து பேசத் தகுதி உள்ளவன் மேல் சந்தேகம் வராது.

அடிப்படைக் கேள்விக்கு வருகிறேன். லோகாயின் வெறுப்பும் பீலின் வெறுப்பும் ஒன்றா? படம் ஒன்று என்கிறது. நான் ஒரே ஒரு சோதனை வைத்துப் பார்க்கச் சொல்வேன். எது நடந்தால் உன் வெறுப்பு தீரும் என்று இரண்டு பேரிடமும் கேளுங்கள். லோகாய்க்கு அவன் ஜனங்களை விட்டுவிட்டால் போதும். பீலுக்கு லோகாய் கீழேயே இருந்தாக வேண்டும். கீழே இருந்தாலும் தீராது, ஏனென்றால் கீழே வைத்திருப்பதற்கே அந்த வெறுப்புதான் கருவி. ஒன்றுக்கு முடிவு உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அது மொழியின் சோம்பேறித்தனம். தமிழில் சினம் என்றும் வன்மம் என்றும் இரண்டு சொல் சும்மா இல்லை.

வெகுளாமை அதிகாரத்தில் வள்ளுவர் சினம் செல்லும் இடம், செல்லாத இடம் என்று முதலிலேயே பிரிக்கிறார். தன் கோபம் பலிக்கிற இடத்தில் அடக்குகிறவன்தான் அடக்குகிறவன், பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன அடக்காவிட்டால் என்ன என்று கேட்கிறார். எம்.ஏ. வகுப்பில் இதைப் பொறுமைக்கு உபதேசமாக நடத்தினார்கள். நான் இதில் அதிகாரம் பற்றிய ஒரு துல்லியமான கவனிப்பைப் பார்க்கிறேன். கோபத்தை அடக்கு என்ற கட்டளை முதலில் போக வேண்டிய முகவரி பலம் உள்ளவன் வீடு. செல்லாத இடத்துச் சினம் தீது என்று அடுத்த குறளில் அவரே சொல்கிறார், அதையும் மறைக்க வேண்டாம். அது நமக்குத்தான் தீது, நம்மையே தின்னும். அதைப் பற்றியும் பேச வேண்டும்.

ஏனென்றால் இந்தப் படத்தை முழுசாகத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. செரான் செத்துக் கிடக்கிறது. அதற்கு அப்புறமும் லோகாய் ஓடுகிறான். யாருக்காகப் போராடினானோ அவர்களில் ஒருவர்கூட இல்லை, அவனிடம் எதிரி மட்டும் மிச்சம். இந்தப் பயம் நமக்கும் இருக்க வேண்டும். எதிரியைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுவோம், நம் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர் பத்தாம் வகுப்போடு நின்றார்கள் என்று கேட்டால் தெரியாது. அந்தப் படத்தில் செரான் பெண் ஒருத்திகூட வரவில்லை என்பதையும் ஒரு மாணவிதான் சுட்டினாள். ஐம்பதாயிரம் வருஷம் ரெண்டு ஆம்பளைங்க ஓடிக்கிட்டே இருந்தாங்க, வீட்டை யாரு பாத்தா என்றாள். சிரித்தோம். எல்லோருக்கும் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று கஷ்டமானது. செரானில் இரண்டே கூட்டம். நம் கிரகத்தில் ஏணி. படிவரிசைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னது இதைத்தான், ஒவ்வொருவனுக்கும் மிதிக்கக் கீழே ஒருவன். இந்த மலையிலேயே மலையாளிப் பழங்குடிகள், பறையர், அருந்ததியர் என்று யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பார்கள் என்பதற்கு எழுதாத சட்டம் இருக்கிறது. 2009இல் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்டு 1இல் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. அப்போது நம்மில் சிலர் பேசியதைக் கேட்டேன். ‘அவங்களையும் சேத்துத்தானே நாம போராடினோம், இப்ப பிரிஞ்சு போறாங்களே, நன்றி வேணாமா?’ உள் ஒதுக்கீட்டில் கருத்து வேறுபாடு இருக்கலாம், அதை வாதத்தால் பேசலாம். ஆனால் நன்றி என்ற சொல் வந்த உடனே அந்த வாயில் பேசுவது பீல். நாம் லோகாயாகப் பிறந்தோம் என்பதால் பீல் ஆக மாட்டோம் என்று உத்தரவாதம் கிடையாது.

இதையெல்லாம் சொல்வதால் நானும் ரெண்டு பக்கமும் தப்பு என்கிற இடத்துக்கு வந்துவிட்டேனா? வரவில்லை. தராசு எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். கேப்டன் மேலே நின்று இரண்டு பேரையும் பார்த்து வருத்தப்படுகிறான். அந்த வருத்தத்தால் அவனுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. கிரகம் சுருங்கிக்கொண்டே போகும், அவன் அடுத்த கிரகத்துக்குப் போவான். நம்மை நாம் கேட்கும்போது அப்படிப் போக முடியாது. கேட்டுவிட்டு அதே தெருவில் குடியிருக்க வேண்டும், அதே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். தன்னையும் பணயம் வைக்கிற விமர்சனத்துக்கும் தன்னை வெளியே நிறுத்திக்கொள்கிற நடுநிலைக்கும் இதுதான் வேறுபாடு.

எனக்கு இந்தப் பாகத்தில் பெரிய ஏமாற்றம் ஒரு சின்ன உரையாடலில் இருக்கிறது. லோகாய் தன் கதையைச் சொல்லும்போது செக்காவும் சூலுவும் அதை நம்ப முடியாமல் கேட்கிறார்கள். பூமியிலும் இப்படி ஒரு காலத்தில் கொடுமை இருந்ததாக வரலாற்று வகுப்பில் படித்தோம், அது இருபதாம் நூற்றாண்டுச் சமாச்சாரம், இப்போது அந்த மாதிரிக் காட்டுமிராண்டி எண்ணமெல்லாம் இல்லை என்கிறார்கள். சரி, எப்படி இல்லாமல் போனது? யார் போக்கினார்கள்? ஒரு வார்த்தை கிடையாது. தானாக உதிர்ந்த பல் மாதிரி. அந்தத் தொடரில் உஹுரா அந்த நாற்காலியில் உட்கார எத்தனை பேர் பேருந்தில் எழுந்திருக்க மறுத்தார்கள், எத்தனை பேர் மேல் நாயை ஏவினார்கள்! அவர்கள் எல்லோரும் அன்றைக்குக் கோபக்காரர்கள் என்றுதான் அழைக்கப்பட்டார்கள். கோபத்தின் பலனை அனுபவிக்கிற கப்பல், கோபப்படுகிறவனைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறது.

நான் படித்த தமிழ் விஞ்ஞானக் கதைகளிலும் எதிர்காலத்தில் ரோபோ இருக்கும், சேரி இருக்காது. அது எப்படிப் போனது என்று கதை சொல்லாது. நாம்தான் எழுத வேண்டும். ஒண்டிக்கடை மாடி அறையில் அன்றைக்குப் பிள்ளைகளிடம் முடிவை மாற்றி எழுதச் சொன்னேன். சிலர் லோகாய் ஜெயிப்பதாக எழுதினார்கள். ஒரு பையன் மட்டும் செரானில் யாரும் சாகவில்லை என்று ஆரம்பித்திருந்தான். லோகாயின் ஜனங்கள் தங்களுக்கென்று ஒரு ஊர் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள், ஐம்பதாயிரம் வருஷம் கழித்து லோகாய் வந்து இறங்குகிறான், அவனை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, ஒரு கிழவி மட்டும் சாப்பிட்டியாப்பா என்று கேட்கிறாள். அதற்கு மேல் அவனுக்கு எழுத வரவில்லை. பீல் என்ன ஆனான் என்று கேட்டேன். “அவன் இன்னும் தேடிக்கிட்டு இருக்கான்க்கா” என்றான்.